பார்த்ததை எழுதுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய வடஆற்காட்டு எல்லைக்குள்ளிருந்து, இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கணினி, கைப்பேசி, மோட்டார், அச்சுப்பொறி ஆகியவற்றின் கோளாறுகளைப் பற்றியவை. இந்த இதழில் அவற்றைச் சற்று ஒதுக்கிவிட்டு, வேறொரு வகைக் கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பிறரின் தொழில்நுட்ப ஐயங்களுக்குக் காசு வாங்காமல் பதில் சொல்லிவருகிறவர்கள் தங்கள் மனக்குறையை எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு மனம் புண்பட்டவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரு தரப்புக் கடிதங்களையும் அருகருகே வைத்துப் படித்தபோது, இருவருமே ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கேள்வி (குடியாத்தம் வாசகர்): நான் டி.டி.பி. மையம் நடத்துகிறேன். கணினியில் தமிழ் தட்டச்சு பற்றி யார் கேட்டாலும் இலவசமாகச் சொல்லித் தருவது என் வழக்கம். ஆனால் வருகிற செய்திகளில் பாதிக்கு மேல், “சார், தமிழ் வரல, அவசரம்” என்ற அளவில்தான் இருக்கின்றன. கூடவே திரையைச் சாய்வாக எடுத்த, எழுத்தே தெரியாத ஒரு படம் வரும். என்ன ஆயிற்று என்று திருப்பிக் கேட்டால், “அதான் சொன்னேனே சார், தமிழ் வரல” என்கிறார்கள். இப்படிப்பட்டவற்றுக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிடுவது தவறாகுமா?

பதில்: தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விட்டுவிடுவதற்கு முன் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்கு முன்னால், உங்கள் சலிப்பு எவ்வளவு நியாயமானது என்பதை இத்துறையில் பழக்கமில்லாத வாசகர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

“தமிழ் வரவில்லை” என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் எத்தனையோ வேறுபட்ட கோளாறுகள் இருக்க முடியும். விண்டோஸில் தமிழ் விசைப்பலகையே சேர்க்கப்படாமல் இருக்கலாம். சேர்த்திருந்தும், தட்டுகிறவருக்குப் பழக்கமான முறை ஒன்றாகவும் கணினியில் இருப்பது வேறொன்றாகவும் இருக்கலாம்; 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் ஆங்கில ‘ஏ’ விசையைத் தட்டினால் ‘அ’ வரும், பாமினி எழுத்துருவில் அதே விசையைத் தட்டினால் ‘ய’ வரும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து கிடக்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடித்ததைப் பேஜ்மேக்கரில் ஒட்டினால், அந்த மென்பொருள் யூனிகோடை அறியாதது என்பதால், கேள்விக்குறிகள் வரிசையாக வந்து நிற்கும். போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால் தமிழ் வரத்தான் செய்யும். ஆனால் ‘கெ’ என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். வெறும் கட்டங்களாக வந்தால், அந்த எழுத்துருவில் தமிழ் வடிவங்களே இல்லை என்று பொருள். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. ஒன்றுக்குரிய தீர்வை மற்றொன்றுக்குச் செய்தால், ஒழுங்காக இருப்பதும் கெட்டுப்போகும்.

இப்போது கேட்பவரின் பக்கத்திலிருந்து பாருங்கள். திரையில் கேள்விக்குறிகள் வந்தனவா, கட்டங்கள் வந்தனவா, கொம்பு இடம் மாறியதா என்பதை அவர் தம் கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்ததை எழுதாமல், பார்த்ததிலிருந்து தாம் வந்தடைந்த முடிவை மட்டும் எழுதுகிறார். “தமிழ் வரல” என்பது அவருடைய முடிவு. அந்த முடிவைக் கொண்டு உங்களால் எதுவும் செய்ய முடியாது; அவர் எழுதாமல் விட்ட காட்சியே உங்களுக்கு வேண்டியது. தாம் பார்த்தது எதிரில் இல்லாதவருக்குத் தெரியாது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை என்பதால்தான், “அதான் சொன்னேனே” என்று அவர் உண்மையாகவே வருத்தப்படுகிறார்.

ஆகவே, ஒரு பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் அதை அப்படியே அனுப்புங்கள். எந்த விண்டோஸ் (10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டதால் இந்த எண் முக்கியமானது), எந்த மென்பொருளில் அடிக்கிறீர்கள், எந்த விசையைத் தட்டியபோது திரையில் என்ன தோன்றியது, நேற்று வரை சரியாக இருந்ததா, இடையில் எதை நிறுவினீர்கள் அல்லது நீக்கினீர்கள் என்பவை அதில் இருந்தால் போதும். திரையைக் கைப்பேசியால் படம் எடுக்க வேண்டியதில்லை, விண்டோஸ் விசையையும் ஷிப்ட் விசையையும் ஆங்கில ‘எஸ்’ விசையையும் ஒருசேர அழுத்தினால் திரைப்படியே கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு விடை எழுதுகிறவருக்கு உங்கள் நேரத்தைக் கொடுங்கள். அவ்வளவு கேட்டும் மீண்டும் “தமிழ் வரல” என்றே எழுதுகிறவரிடம் உங்களுக்குக் கடன் ஏதும் இல்லை.

“அவசரம்” என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. முகூர்த்த நாள்களுக்கு முன்னால் திருமண அழைப்பிதழ் அச்சுக்குப் போகிற நேரத்தில் உண்மையான அவசரம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். அப்படியானால் “நாளைக் காலை பத்து மணிக்கு அச்சுக்குப் போக வேண்டும்” என்று எழுதலாமே. நேரத்தைக் குறிப்பிடுகிறவருக்கு உதவ மனம் வருகிறது.

கேள்வி (காட்பாடியில் தங்கிப் படிக்கும் மாணவர்): பைத்தான் மொழியில் நான் எழுதிய புரோகிராம் ஓடவில்லை. மென்பொருள் துறையில் பணிபுரியும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் மாணவர்களுக்கு உதவுவார் என்று சொன்னார்கள். முழு புரோகிராமையும் செய்தியில் ஒட்டி, “அண்ணா, இது ஏன் வேலை செய்யல?” என்று கேட்டேன். “என்ன பிழைச்செய்தி வந்தது? எந்த வரியில்? நீ என்ன வரும் என்று எதிர்பார்த்தாய்? இதுவரை என்ன செய்து பார்த்தாய்?” என்று நான்கு கேள்விகளைத் திருப்பி அனுப்பினார். தெரிந்தால் சொல்லலாம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம். எனக்கு எதற்கு இந்தப் பரீட்சை?

பதில்: தம்பி, அது பரீட்சை இல்லை. பரீட்சையில் கேட்பவருக்கு விடை முன்பே தெரிந்திருக்கும். அவர் கேட்ட நான்கில் ஒன்றுக்குக்கூட உங்களைத் தவிர வேறு யாரிடமும் விடை கிடையாது. உங்கள் கணினியில் என்ன நடந்தது என்பதை அவர் பார்க்கவில்லை.

பைத்தான் தன் பிழைச்செய்தியின் கடைசி வரியில் பிழையின் வகையையும், அதற்கு மேலுள்ள வரிகளில் அது நேர்ந்த இடத்தையும் எழுதிக் காட்டுகிறது. அந்தச் சில வரிகளை நீங்கள் அனுப்பியிருந்தால், புரோகிராம் முழுவதையும் அவர் படிக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. மேலும், பைத்தானில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் விடுகிற இடைவெளி அலங்காரத்துக்காக அன்று, அந்த இடைவெளிதான் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. செய்தியாக ஒட்டி அனுப்பும்போது அது கலைந்துபோகக்கூடும். கோப்பாக அனுப்பாத வரையில், உங்கள் பிழை எது, வழியில் நேர்ந்த சிதைவு எது என்று அவரால் பிரித்தறிய முடியாது.

“நீ என்ன எதிர்பார்த்தாய்” என்ற கேள்வியை நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பிழைச்செய்தி எதுவும் இல்லாமல், விடை மட்டும் தவறாக வரும் புரோகிராம்கள் ஏராளம். அங்கே ‘வேலை செய்யவில்லை’ என்பது உங்கள் எதிர்பார்ப்புக்கும் வந்த விடைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைத்தான் குறிக்கிறது. அந்த இரண்டில் ஒன்றைக்கூடச் சொல்லாமல், வேறுபாட்டைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னால் எப்படி முடியும்? அதேபோல், செய்து பார்த்ததைச் சொன்னால், அவர் அதையே மீண்டும் சொல்லி இருவர் நேரமும் வீணாவது தவிர்க்கப்படும். கோளாறுக்குத் தொடர்பில்லாத வரிகளை ஒவ்வொன்றாக நீக்கி, கோளாறு மட்டும் எஞ்சும் சிறு புரோகிராமாக அதைச் சுருக்கிப் பாருங்கள். பல வேளைகளில் அந்தச் சுருக்கும் வேலையிலேயே விடை கண்ணில் பட்டுவிடும்.

உங்கள் வயதையொத்த ஒருவரின் கடிதத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். 1991 ஆகஸ்ட் 25-ஆம் நாள், ஹெல்சின்கியில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தியவர்களுக்கு ஒரு மடல் எழுதினார். 386, 486 வகைக் கணினிகளுக்கென ஓர் இயங்குதளத்தைத் தாம் எழுதிக்கொண்டிருப்பதையும், அதில் பாஷ் 1.08, ஜி.சி.சி. 1.40 ஆகிய இரு மென்பொருள்களும் ஓடத் தொடங்கியிருப்பதையும், தம்மிடம் இருப்பது ஒரு வகை வன்தட்டு மட்டுமே என்பதால் வேறு வகையில் அது இயங்காது என்பதையும் தெரிவித்து, மினிக்ஸில் அவர்களுக்குப் பிடித்தவை, பிடிக்காதவை எவை என்று கேட்டார். பின்னாளில் லினக்ஸ் என்று உலகம் அறிந்த வேலை அது. எந்தப் பொறி, எந்தப் பதிப்பு, எது ஓடுகிறது, எது ஓடாது என்று, பதில் எழுதப் போகிறவருக்கு வேண்டிய யாவும் அந்தச் சிறு மடலில் இருந்தன.

பள்ளியில் நன்னூலின் அறுவகை வினாவைப் படித்திருப்பீர்கள்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இலவசமாகப் பதில் சொல்கிறவர்களைக் களைப்படையச் செய்வது அறியா வினா அன்று. அறியா வினாவின் தோற்றத்தோடு வந்து, உள்ளே ஏவல் வினாவாக இருப்பதுதான் அவர்களை வருத்துகிறது. “ஏன் வேலை செய்யல” என்று கேட்டு, “சரிசெய்து கொடு” என்று எதிர்பார்ப்பது அந்த வகை. அவர்கள் மகிழ்ந்து பதில் எழுதுவது ஐய வினாவுக்கு. “கிடப்பது பாம்பா, கயிறா” என்று கேட்கிறவர் அருகே போய்ப் பார்த்திருக்கிறார், இரண்டில் ஒன்று என்ற அளவுக்கு வந்திருக்கிறார். “பதினான்காம் வரியில் இந்த மாறி எண்ணாக இருக்கிறதா, எழுத்துச் சரமாக இருக்கிறதா என்று ஐயமாக உள்ளது” என்று நீங்கள் எழுதியிருந்தால், உங்கள் அண்ணன் அன்றைக்கே பதில் எழுதியிருப்பார்.

கேள்வி (ஆற்காடு வாசகர்): எங்கள் சங்கத்தின் கணக்குகளைப் பார்க்கிறேன். வேர்டில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான எழுத்துகளைத் தேடி மாற்றுவது எப்படி என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், “எதற்காகக் கேட்கிறீர்கள்?” என்றார். அது எங்கள் சங்கத்தின் விஷயம், அவருக்கு எதற்கு?

பதில்: உங்கள் கடிதத்தின் பிற்பகுதியிலிருந்து, சங்க உறுப்பினர் பட்டியல் பழைய எழுத்துருவில் இருப்பதையும், அதை யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டியிருப்பதையும் அறிந்தேன். அப்படியானால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி மாற்ற வேண்டிய வேலையே இல்லை. அதற்கென்றே எழுத்துரு மாற்றி மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பட்டியலை ஒட்டி, பழைய எழுத்துருவின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், யூனிகோடில் மாற்றித் தந்துவிடும். மாற்றியபின் பெயர்களின் முதலெழுத்துகளையும் எண்களையும் மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் எதற்காக என்று கேட்டது உங்கள் சங்கத்தின் உள்விவகாரத்தை அறிவதற்காக அன்று. போக வேண்டிய ஊரைச் சொல்லாமல், நீங்களே தேர்ந்தெடுத்த வழியில் வரும் ஒரு மேட்டைப் பற்றி மட்டும் கேட்டீர்கள். அந்த வழி தேவையில்லாத வழியோ என்ற ஐயம் அனுபவமுள்ளவருக்கு எழுவது இயல்பு. நோக்கத்தை ஒரே வரியில் சொல்வதால் இரகசியம் எதுவும் வெளிப்பட்டுவிடாது.

கேள்வி (அணைக்கட்டு வாசகர்): மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சுற்றுப்பக்கத்து விவசாயிகள் கிணற்று மோட்டார் பற்றி எனக்குப் போன் செய்வார்கள். யாரிடமும் காசு வாங்குவதில்லை. “மோட்டாரு ஓட மாட்டேங்குது, காயில் போயிடுச்சி, கட்ட எவ்வளவு ஆகும்?” என்றுதான் பேச்சே தொடங்கும். நம்பி வண்டியெடுத்துப் போய்ப் பார்த்தால், டிரான்ஸ்பார்மரில் ஒரு பியூஸ் போயிருக்கும். இந்த வயதில் வெயிலில் இப்படி அலைய முடியவில்லை. இவர்களுக்கு எப்படித்தான் புரிய வைப்பது?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து உண்மையிலேயே வருந்தினேன். வேலூர்ப் பக்கத்து வெயிலில், யாரோ ஒருவர் போனில் சொல்லாமல் விட்ட ஒரு வரிக்காக முதியவர் ஒருவர் வரப்பு வரப்பாக நடக்க வேண்டியிருப்பது சிறிய விஷயம் அன்று. இந்தப் பதிலை உங்களுக்கு எழுதுவதைவிட, உங்களைக் கூப்பிடுகிற விவசாயிகளுக்கு எழுதுவதே பொருத்தம் என்று நினைக்கிறேன். இதழை அவர்களிடம் காட்டுங்கள்.

மும்முனை மோட்டார் ‘ஓடவில்லை’ என்றால், முதலில் அது எப்படி ஓடவில்லை என்பதைக் காதாலும் கண்ணாலும் கவனிக்க வேண்டும். பட்டனை அழுத்தியதும் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், மூன்று பேஸில் ஒன்று வரவில்லை என்ற ஐயமே முதலில் எழ வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டியின் மேலுள்ள சிவப்பு, மஞ்சள், நீல விளக்குகளில் எது எரியவில்லை என்று பார்த்தாலே அது பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த நிலையில் மீண்டும் மீண்டும் பட்டனை அழுத்தினால்தான் காயில் உண்மையாகவே எரியும். உறுமல்கூட இல்லாமல் அமைதியாக இருந்தால் கோளாறு வேறு. பட்டனைப் பிடித்திருக்கும் வரை ஓடி, விட்டதும் நின்றால், மோட்டாரில் குறை இல்லாமல் ஸ்டார்ட்டரின் பிடிப்புக் காயிலிலோ குறைந்த மின்னழுத்தத்திலோ குறை இருக்கலாம். சில நிமிடங்கள் ஓடிவிட்டு ட்ரிப் ஆனால் பளு மிகுதி; மணல் அடைத்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம், மின்னழுத்தம் தாழ்ந்திருக்கலாம். மோட்டார் நன்றாக ஓடியும் தண்ணீர் குறைவாக வந்தால், பாலாற்றுப் படுகையில் கோடைக்காலத்தில் நீர்மட்டம் இறங்குவது ஒரு காரணம். ஆனால் லைனில் வேலை நடந்த மறுநாள் அப்படி ஆனது என்றால், இரண்டு பேஸ்கள் இடம் மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கக்கூடும்.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். ‘நேற்று லைன்மேன் வந்து வேலை பார்த்தார்’ என்ற ஒரு செய்தி, கிணற்றுக்குள்ளிருந்து மோட்டாரைத் தூக்குகிற செலவையே மிச்சப்படுத்தலாம். கேட்பவருக்கு அது தொடர்பில்லாத செய்தியாகத் தோன்றும், அதனால் சொல்ல மாட்டார். எப்போதிலிருந்து இப்படி, அதற்கு முன் என்ன மாறியது என்ற இரண்டையும் நீங்களே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குதிரைத்திறனும் ஆம்பியரும் அதில் இருக்கும். கவனித்துச் சொல்வது மட்டுமே அவர்கள் வேலை, பெட்டியைத் திறந்து கையை வைக்கக் கூடாது என்பதையும் ஒவ்வொரு முறையும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். “காயில் போயிடுச்சி” என்று தொடங்கினால், கோபப்படாமல், “அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் கேட்ட சத்தத்தைச் சொல்லுங்கள்” என்று மடைமாற்றிவிடுங்கள். ஓரிரு முறை அப்படிக் கேட்கப்பட்டவர், அடுத்த முறை தாமாகவே சத்தத்திலிருந்து தொடங்குவார்.

கேள்வி (ஆலங்காயம் வாசகி): நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள், வீட்டில் தையல் வேலை செய்கிறேன். கைப்பேசியில் பணம் அனுப்பும்போது ஆங்கிலத்தில் ஏதோ வந்து நின்றுவிடுகிறது. தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டால், “என்ன எர்ரர் வந்துச்சு அக்கா, ஆப் வெர்ஷன் என்ன?” என்கிறார்கள். எனக்கு அந்தச் சொற்களெல்லாம் தெரியாது. சரியாகக் கேட்கத் தெரியாத என்னைப் போன்றவர்கள் கேட்கவே கூடாதா ஐயா?

பதில்: கட்டாயம் கேட்க வேண்டும் அம்மா. நன்றாகக் கேட்பதற்குத் தொழில்நுட்பச் சொல் எதுவும் தேவையில்லை. சொல்லப் போனால், அரைகுறையாகத் தெரிந்த சொல்லைப் பயன்படுத்துகிறவர்களைவிட, “பச்சைப் பட்டனைத் தொட்டேன், வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு சிவப்பு எழுத்தில் இரண்டு வரி வந்தது, வங்கியில் பணம் குறையவில்லை” என்று பார்த்ததை வரிசையாகச் சொல்கிறவருக்கு உதவுவது எளிது.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் நடந்த ஒன்றை இதற்காகச் சொல்ல விரும்புகிறேன். 1977 மார்ச் 10-ஆம் நாள் இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் அருகே கடந்து செல்வதை அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியாகக் கவனித்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி மீண்டது. அது எந்த நேரத்தில் நேர்ந்தது என்பது பதிவாகியிருந்தது. யுரேனஸுக்கு இதுவரை அறியப்படாத ஒரு துணைக்கோள் இருக்கலாம் என்று அவர்கள் முதலில் கருதினார்கள். உலகின் பிற இடங்களில் எடுத்த பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. முதலில் கொண்ட கருத்து மாறியது, பதிவான காட்சி மாறவில்லை. அந்தக் காட்சி ஒழுங்காகப் பதிவாகியிருந்ததால்தான் உலகத்தாரின் பதிவுகளோடு அதை ஒப்பிட முடிந்தது. காரணத்தைச் சொல்வது பதில் சொல்பவரின் பொறுப்பு. கண்டதைச் சொன்னால் உங்கள் பொறுப்பு நிறைவேறிவிடுகிறது.

ஆங்கிலத்தில் வருவதைப் படிக்க முடியாவிட்டால், திரையை அப்படியே படமாக எடுத்துக்கொள்ளுங்கள்; பெரும்பாலான கைப்பேசிகளில் பவர் பட்டனையும் ஒலியைக் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் படம் பதிவாகிவிடும். அனுப்புவதற்கு முன் கணக்கு எண்ணும் இருப்புத் தொகையும் அதில் தெரியாதபடி மறைத்துவிடுங்கள். ஓ.டி.பி. எண்ணையோ பின் எண்ணையோ யார் கேட்டாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், தராதீர்கள். பணம் பறிபோனதாகத் தெரிந்தால், யாரிடமும் ஐயம் கேட்டுக் காத்திராமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்யுங்கள்.

கேள்வி (ஆரணி ஆசிரியை): பள்ளிக் கணினிக் கூடத்தில் மாணவர்கள், “மிஸ், இது வரல” என்று திரையைக் காட்டுவதோடு சரி. நல்ல முறையில் கேட்கப் பழக்க ஏதேனும் வழி உண்டா?

பதில்: திரையைக் காட்ட முடியாத நிலையை உண்டாக்குங்கள். ஒரு மாணவர் தம் ஐயத்தைத் தாளில் எழுதட்டும். கூடத்தின் மறுகோடியில் இருக்கும் மற்றொரு மாணவர், எழுந்து வந்து பார்க்காமல், அந்தத் தாளை மட்டும் படித்துப் பதில் எழுதட்டும். பதில் எழுத முடியாவிட்டால், எந்தச் செய்தி இல்லாததால் முடியவில்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பட்டும். அடுத்த வகுப்பில் இருவரும் இடம் மாறிக்கொள்ளட்டும். பதில் சொல்லும் இடத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு, கேட்கும்போது என்னென்ன எழுத வேண்டும் என்பதை நீங்கள் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது. எழுதத் தொடங்கிய சிலர் பாதியிலேயே தாளைக் கசக்கிவிட்டு, “தெரிஞ்சிடுச்சி மிஸ்” என்று திரும்பிப் போவதையும் நீங்கள் காண்பீர்கள். அதுவும் இந்தப் பயிற்சியின் பயனே.

கேள்வி (சத்துவாச்சாரி வாசகர்): கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எவருக்கும் இலவசமாகப் பதில் சொல்லிவருகிறேன். ஒரே கேள்வி மாதந்தோறும் வருகிறது. இரவு பதினொரு மணிக்கும் அழைக்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் அசைன்மென்ட்டை அப்படியே அனுப்பி முடித்துத் தரச் சொல்கிறார்கள். நேரம் செலவிட்டு விரிவாக எழுதிக் கொடுத்தால், சரியாயிற்றா இல்லையா என்றுகூடச் சொல்வதில்லை. அண்மைக்காலமாக நானே கடுமையாகப் பேசத் தொடங்கிவிட்டேன். நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: சில காலம் நிறுத்துங்கள் என்றே சொல்வேன். தானாக முன்வந்து செய்யும் வேலையை நிறுத்துவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் அடுக்கியுள்ள குறைகள் எல்லாம் ஒரே எடையுடையவை அல்ல என்பது என் கருத்து.

ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது கேட்பவர்களின் குற்றம் ஆகாது. ஒவ்வொருவருக்கும் அது முதல் முறை. அதற்கு ஒருமுறை நன்றாக எழுதி வைத்து, அதையே அனுப்புவது போதும். இரவு அழைப்புக்கு நேர வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு முதல் எட்டு வரை என்று அறிவித்துவிட்டு, மற்ற நேரத்தில் எடுக்காதீர்கள். அசைன்மென்ட்டைச் செய்து கொடுக்காதீர்கள். அந்த மாணவர் எழுதிய பகுதியைக் காட்டி, இடறிய இடத்தைக் கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள். இவற்றைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

கடுமையாகப் பேசுவதைப் பற்றித்தான் சற்று யோசிக்க வேண்டும். மோசமாகக் கேட்டவரைத் திட்டினால், அவர் அடுத்த முறை நன்றாகக் கேட்கக் கற்றுக்கொள்வதில்லை, கேட்காமல் இருக்கவே கற்றுக்கொள்கிறார். அதைவிட, அருகிலிருந்து அந்த வசவைக் கேட்ட மற்றவர்கள், ஆலங்காயத்து வாசகியைப் போன்றவர்கள், தங்கள் ஐயத்தை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுகிறார்கள். அவர்கள் கேட்டிருந்தால் ஒருவேளை ஒழுங்காகக் கேட்டிருப்பார்கள். கோபம் வரும் நாளில் பதிலே சொல்லாமல் இருப்பது, கோபத்தோடு சொல்வதைவிட எல்லோருக்கும் நல்லது.

உங்கள் குறைகளில் மிகக் கனமானது கடைசிக்கு முன் நீங்கள் எழுதியிருப்பதே என்று நான் எண்ணுகிறேன். பதிலைப் பெற்றுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விடுவது, நன்றி சொல்லும் பண்பு குறைந்ததைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. தொலைவிலிருந்து சொல்லப்படும் எந்தத் தொழில்நுட்பப் பதிலும், செய்து பார்க்கப்படும் வரை ஊகமாகவே இருக்கிறது. “சரியாயிற்று” என்ற ஒரு சொல் வந்தால் அந்த ஊகம் உறுதியாகி, அடுத்தவருக்குத் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய பதிலாகிறது. “சரியாகவில்லை, இப்படி ஆயிற்று” என்று வந்தாலும் அதே அளவு பயன் உண்டு. எதுவும் வராதபோது, அதே கேள்வி மீண்டும் வருகையில் நீங்கள் மீண்டும் ஊகத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. உங்கள் உழைப்பு சேர்ந்து வளராமல் ஒவ்வொரு முறையும் கரைந்துபோகிறது. இதைக் கேட்பவர்களிடம் பதிலோடு சேர்த்தே சொல்லுங்கள்: “செய்து பார்த்துவிட்டு நாளைக்குள் எனக்கு ஒரு வரி அனுப்புங்கள்; அது வந்தால்தான் உங்கள் அடுத்த கேள்வியை எடுத்துக்கொள்வேன்.” இது கடுமையான நிபந்தனை அன்று, நியாயமானது.

இப்பகுதிக்கும் அதே நிலைதான். சென்ற இதழில், அச்சுப்பொறியில் ஒவ்வொரு தாளின் வலப்புறமும் கோடு விழுவதாகக் கேட்டிருந்த திருவலம் வாசகருக்கு டிரம்மைத் துடைத்துப் பார்க்கும்படி எழுதியிருந்தேன். அதே குறையோடு சோளிங்கரிலிருந்தும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. திருவலம் வாசகர், கோடு மறைந்ததா, மறையவில்லையா என்பதை ஓர் அஞ்சலட்டையில் தெரிவித்தால், சோளிங்கர் வாசகருக்கு அடுத்த இதழில் பதில் எழுத முடியும்.